சிவப்புப் பக்கம்

"சிவப்பா ஒரு பக்கம் வரும். உள்ள போகாதே, ஆபத்துன்னு மிரட்டும். பயந்துடாதீங்க. அடியில சின்ன எழுத்துல 'அட்வான்ஸ்ட்'னு இருக்கும், அதை அமுக்குங்க. அப்புறம் 'ப்ரொசீட்'னு வரும், அதையும் அமுக்குங்க. அவ்வளவுதான், உள்ள போயிடலாம்."

இந்தப் பாடத்தைக் கெருபோ கராகிட்டாக் குடியிருப்பில் எத்தனை வாசலில் நின்று ஒப்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வெளியே வந்த பெண்களை நிறுத்திச் சொன்னாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவளின் சோப்புக் கையைத் துடைக்கச் சொல்லி, ஃபோனை அந்தக் கையில் கொடுத்து, "நீயே அமுக்கு பார்ப்போம்" என்று அமுக்க வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். முதலில் பேய் அறைந்த மாதிரி ஃபோனைக் கீழே வைத்தவர்கள்கூடக் கொஞ்ச நாளில் தேறிவிட்டார்கள். பேசிக்கொண்டே, வேறெங்கோ பார்த்துக்கொண்டே அமுக்கிவிட்டுப் போகப் பழகிவிட்டார்கள். கெருபோவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கெருபோ கென்யாவில் ந்யமிராப் பக்கத்துக் கிசி இனத்துப் பெண். நகுருவில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு, நைரோபியில் வேலை தேடிச் செருப்புத் தேய்ந்து, கடைசியில் நைவாஷா ஏரிக்கரைக்கு வந்து ஒரு பிரிண்டிங் கடையில் உட்கார்ந்தவள். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு ரோஜாப் பண்ணைகள்தான் பிழைப்பு. அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த நசிமியுவும் பண்ணையில் பூ வெட்டுகிறவள். புங்கோமாவில் அம்மாவிடம் மகளை விட்டுவிட்டு வந்து, மூன்று வருஷமாக சீசன் வேலையாளாகவே இருந்தாள். சீசன் வேலை என்றால் இன்று உண்டு, நாளை இல்லை. பெர்மனென்ட் ஆகிவிட்டால் பண்ணைக் குடியிருப்பில் வீடு கிடைக்கும், ஆஸ்பத்திரி கிடைக்கும், மகளைக் கூட்டிவந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். காதலர் தின வெட்டு முடிந்ததும் புதுப் பெர்மனென்ட் பட்டியல் வரும் என்று பேச்சு. அந்தப் பட்டியலுக்கு யார் பெயரை எழுதிக் கொடுப்பது என்றால், சூப்பர்வைசர் பராசா.

பராசாவும் புங்கோமாக்காரன்தான். "நம்ம ஊருப் பொண்ணு, நான் உனக்குச் சித்தப்பா மாதிரி" என்று ஆரம்பித்தான். சித்தப்பா என்ன கேட்டான் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கிரீன்ஹவுஸின் கடைசி வரிசையில், மருந்து அடித்த நாளில், மற்றவர்கள் உள்ளே வரக் கூடாத நேரம் பார்த்து அவளை மட்டும் கூப்பிடுவான். கர்மம் பிடித்தவன்.

இந்த மாதிரி விஷயத்துக்கென்றே பண்ணையில் பெண்கள் கமிட்டி ஒன்று உண்டு. வெளிநாட்டில் பூ வாங்குகிறவர்கள் கேட்பார்கள் என்பதற்காக நிர்வாகமே வைத்த கமிட்டி. ஆபீஸ் கதவுக்குப் பக்கத்தில் ஒரு புகார்ப் பெட்டியையும் தொங்கவிட்டிருந்தார்கள். பெட்டிக்கு நேர் மேலே கேமரா. எந்தப் பைத்தியக்காரி அதில் சீட்டுப் போடுவாள்? பெட்டிக்குள் சிலந்திதான் குடும்பம் நடத்தியது. கமிட்டித் தலைவி வைரிமு. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் சேர்லேடி. நல்ல மனுஷிதான், பெரிய குரல், பெரிய உடம்பு, எதையும் ஜெபத்தோடு தொடங்கிச் சாயாவோடு முடிக்கிறவள். அவள்தான் பிரிண்டிங் கடைக்கு வந்து கெருபோவைக் கேட்டாள்.

"ஃபோன்லயே புகார் எழுதற மாதிரி ஒண்ணு பண்ணித் தர முடியுமாம்மா உன்னால?"

"முடியும் சேர்லேடி. பேரே போட வேண்டாம். எழுதி அனுப்பினா போதும்."

பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாள். சின்ன விஷயம்தான். ஒரு பக்கம், எழுத ஒரு கட்டம், அனுப்ப ஒரு பொத்தான். மாச வாடகைக்கு எங்கேயோ ஒரு சர்வர். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, நீளமாக ஒரு எண்தான் முகவரி. அந்த எண்ணைச் சின்னச் சின்னச் சீட்டுகளாக அடித்துக் கழிவறைச் சுவர்களில் ஒட்டினார்கள்.

நசிமியு முதல் நாளே கேட்டாள். சோளமாவு உகாலியைக் கிண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"கேன்டீன் வைஃபைல இருந்து எழுதினா ஆபீஸ்காரன் பார்த்துட மாட்டானா?"

கெருபோவுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் பார்க்க முடியும். பண்ணைப் பெண்கள் டேட்டாவுக்கு எங்கே போவார்கள்? எல்லோருக்கும் அந்தக் கேன்டீன் வைஃபைதான். அதில் நுழையவே அவரவர் வேலை எண்ணை அடிக்க வேண்டும். எந்த ஃபோன் யாருடையது என்று ஆபீஸுக்கு அத்துப்படி. அந்தப் புகார்ப் பக்கத்துக்குப் பூட்டு இல்லையென்றால், எழுதியது யார், எழுதியது என்ன, இரண்டுமே வெட்டவெளிச்சம்.

"இப்ப இருக்கற நிலையில பார்க்கலாம்டி," என்று ஒத்துக்கொண்டாள். "இப்ப நடுக் கேன்டீன்ல நின்னு கத்தற மாதிரி. பூட்டுப் போட்டுட்டா காதுக்குள்ள சொல்ற மாதிரி. நடுவுல நிக்கறவனுக்கு ஒரு எழவும் புரியாது."

"அப்ப பூட்டுப் போடு. போட்டப்புறம் எழுதறேன்."

பூட்டுப் போடுவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. இலவசமாகவே சான்றிதழ் கொடுக்கிற இடம் உண்டு. 'இந்தத் தளம் இன்னாருடையதுதான்' என்று அவர்கள் சொன்னால் எல்லா ஃபோனும் நம்பும். ஆனால் அப்போதெல்லாம் வெறும் எண்ணுக்கு யாரும் சான்றிதழ் தர மாட்டார்கள். தளத்துக்கு ஒரு பெயர் வேண்டும். கெருபோ கமிட்டியில் போய்ச் சொன்னாள். அங்கேதான் பிடித்தது சனியன்.

ஜெபம் முடிந்தது. போன கூட்டத்துத் தீர்மானங்களை வாசித்து முடித்தார்கள். சாயாவும் எண்ணெயில் பொரித்த மந்தாசியும் வந்தன. பெயர் என்ன வைக்கலாம் என்று சேர்லேடி கேட்ட மாத்திரத்தில் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பூ வெட்டுகிற கிரீன்ஹவுஸ் பெண்கள் பெயரில் 'பூ' வர வேண்டும் என்றார்கள். பூவைத் தரம் பிரித்துக் கட்டுகிற பேக்ஹவுஸ் பெண்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பூவுன்னா நீங்க மட்டும்தானா? அப்ப நாங்க கட்டறது என்ன, கீரைக் கட்டா?"

"நாங்க வெட்டிக் குடுத்தாதானே நீங்க கட்டுவீங்க!"

"ஆமா, கதகதப்பா வீட்டுக்குள்ள நின்னு வெட்டறீங்க. நாங்க ஐஸ் ரூம்ல நின்னு விரல் மரத்துப் போறோம்."

"கேட்டியா இவ பேச்சை! மருந்துப் புகையக் குடிச்சுப் பாரு, கதகதப்பு தெரியும்."

கெருபோ இடையில் புகுந்து, "ஏதாவது ஒரு பேரு போதும், சும்மா ஒரு பேரு," என்று கெஞ்சினாள்.

சேர்லேடி கையைத் தூக்கினாள். "சும்மாப் பேரா? குழந்தைக்குச் சும்மாப் பேரு வைப்பியாம்மா நீ? எல்லாரும் ஒத்துக்கற பேரா இருக்கணும். இன்னிக்குக் கோரமும் இல்ல, பாதிப் பேரு வரல. காதலர் தின வெட்டு முடியட்டும், முழுக் கமிட்டியும் உட்கார்ந்து முடிவு பண்ணுவோம்."

ஆனால் இன்னொரு தீர்மானத்தை மட்டும் அன்றைக்கே, அதே அரைகுறைக் கூட்டத்தில், மளமளவென்று நிறைவேற்றினார்கள். வருகிற புகார்களை முழுக் கமிட்டி கூடி, ஜெபம் செய்து, அப்புறம்தான் திறக்க வேண்டும். அதுவரை யாரும் படிக்கக் கூடாது. சேர்லேடியும் கூடாது. தளத்தைக் கட்டியவள் என்பதால் கெருபோவால் உள்ளே போய்ப் பார்க்க முடியுமே, அதற்கு என்ன செய்வது? அவளை பைபிள் மேல் கை வைக்கச் சொன்னார்கள். படிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். கெருபோவும் கை வைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு அது கௌரவமாகத்தான் இருந்தது.

வெளியே வந்தபோது பெயர்ச் சண்டையை நினைத்துக் கோபம் உச்சியில் இருந்தது. பெயர் வேண்டும் என்றால் அவளே ஒரு பெயரைப் பிடித்துப் போட்டிருக்கலாம். சல்லிக்காசு செலவில்லாமல் யாரோ ஒருவருடைய பெயருக்குக் கீழே ஒட்டிக்கொள்கிற துணைப்பெயர் கிடைக்கும். அது அவளுக்குத் தெரியாததா? 'சாயா குடிக்கத் தெரியுது, ஒரு பேரு வைக்கத் தெரியல. அவங்களே முடிவு பண்ணட்டும், எனக்கென்ன வந்தது' என்று வீம்பு பிடித்தாள். அந்த வீம்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாரை நினைத்துப் பிடித்த வீம்பு, யார் தலையில் போய் விடிந்தது!

நசிமியு காத்திருந்தாளே? அதற்குக் கெருபோ குறுக்கு வழி ஒன்று பிடித்தாள். பைத்தானில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், நிரலே தனக்குத்தானே ஒரு சான்றிதழ் எழுதிக்கொள்ளும். ஊர் அதிகாரியான சீஃபிடம் போய் வாங்க வேண்டிய நற்சான்றிதழை நாமே எழுதி நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி. பூட்டு என்னவோ நிஜப் பூட்டுதான். ஆனால் கதவுக்குப் பின்னால் நிற்பது யார் என்று சாட்சி சொல்ல ஆளில்லை. அதனால்தான் ஃபோன் சிவப்புப் பக்கத்தைக் காட்டி அலறும். போதாத குறைக்கு, கெருபோ நிரலில் கை வைத்து மறுபடி ஓடவிடும் ஒவ்வொரு தடவையும் அது பழைய சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதும். அதனால் பெண்கள் எத்தனை தடவை அமுக்கினாலும் சிவப்புப் பக்கம் மறுபடி மறுபடி வந்தது. கெருபோவும் சலிக்காமல், "அது அப்படித்தான், அமுக்குங்க" என்று மறுபடி மறுபடி சொன்னாள். சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய வரி அது. பெயர் முடிவாகிற வரைக்கும்தானே என்று விட்டுவிட்டாள்.

"பூட்டுப் போட்டாச்சா?" என்று நசிமியு, ஊரே அமுக்கப் பழகிய பிறகு ஒரு நாள் கேட்டாள்.

"போட்டாச்சு. தைரியமா எழுது."

மறுநாள் சாயங்காலம் நசிமியு வேலை முடிந்து வந்தபோது முகமே வேறாக இருந்தது. கம்பூட்ஸைக் கழற்றி எறிந்தாள். சுகுமாக் கீரையைச் சட்டியோடு இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"எழுதிட்டேன்டி. எல்லாத்தையும் எழுதிட்டேன். சாப்பிடற நேரத்துல அவன் முகம் ஞாபகம் வந்தா குமட்டுதுன்னுகூட எழுதினேன். அப்படி எழுதலாமா?"

"எழுதலாம். உன் இஷ்டம்தான்."

"மூணு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் சோறு உள்ள இறங்குது."

கெருபோவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்று நினைத்தாள். பாவி, அப்படித்தான் நினைத்தாள்.

அந்த வார முடிவில் பராசா, நசிமியு வெட்டிக்கொண்டிருந்த வரிசைக்கு வந்து நின்றான். கையில் தண்ணீர்ப் பாட்டில். சுற்றி நாலு பெண்கள் இருந்தார்கள். கூச்சல் போடவில்லை, சிரித்தபடியே கேட்டான்.

"சாப்பிடற நேரத்துல என் முகம் ஞாபகம் வந்தா குமட்டுதாமே உனக்கு? சரி, இனிமே இங்க சாப்பிட வேண்டிய அவசியம் வராது."

திங்கட்கிழமை வாசலில் செக்யூரிட்டி அவளை உள்ளே விடவில்லை. சீசன் முடிந்துவிட்டதாம். காதலர் தின வெட்டு உச்சத்தில் இருக்கிறது, லாரி லாரியாகப் பூ விமானத்துக்குப் போகிறது, அவளுக்கு மட்டும் சீசன் முடிந்துவிட்டதாம்!

நசிமியு அழவில்லை. நேராகக் குழாயடிக்குப் போனாள். அங்கே சேர்லேடி வாளியோடு நின்றிருந்தாள்.

"எவ்வளவுக்குடி வித்த என்னை?" என்றாள். அம்மா வயசுக்காரியை, ஊரே மரியாதை வைத்திருக்கிறவளை, 'டி' போட்டுக் கேட்டாள். "பெர்மனென்ட் உன் மருமவளுக்குக் கெடைச்சுதா? நான் எழுதின வார்த்தை அவன் வாயில எப்படி வந்துச்சு?"

"ஐயோ, யேசு சாட்சியா நான் இன்னும் திறக்கவே இல்லம்மா!"

"யேசுவ எதுக்கு இழுக்கற? அவரா அவன்கிட்ட போய்ச் சொன்னாரு?"

குழாயடியில் நின்ற யாரும் சேர்லேடிக்காக வாய் திறக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவள் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய குரல் போன இடம் தெரியவில்லை.

கெருபோ கடைக்கு ஓடினாள். சர்வரில் வந்து போனவர்களின் பதிவுகளை அலசினாள். புகார்கள் இருக்கிற பக்கத்துக்குள் ஒருவரும் நுழையவில்லை. சேர்லேடி சொன்னது உண்மை. பிறகு எப்படி? கடையைப் பூட்டிவிட்டுப் பண்ணை வாசலுக்கு நடந்தாள். அங்கே மந்தாசி விற்கிறவளின் பெஞ்ச் வரைக்கும் கேன்டீன் வைஃபை எட்டும். நசிமியுவின் வேலை எண்ணை இன்னும் நீக்கவில்லை. அதைப் போட்டு உள்ளே போய், தன் தளத்தின் எண்ணை அடித்தாள்.

சிவப்புப் பக்கம் வந்தது. வழக்கமாக வருவதுதான். அவள் விரலும் வழக்கம்போல அடிப்பக்கத்துக்குப் போனது. பாதி வழியில் நின்றது. இத்தனை நாளில் அவள் ஒரு தடவைகூட அந்தச் சான்றிதழைத் திறந்து பார்த்ததில்லை. இப்போது திறந்தாள். தன் நிரல் எழுதிக்கொள்கிற சான்றிதழில் 'பொம்மைச் சான்றிதழ்' என்று ஆங்கிலத்தில் இருக்கும், அது அவளுக்குத் தெரியும். இதில் அது இல்லை. நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற பெட்டி ஒன்றின் பெயர் இருந்தது. நடுவில் வேறொருவன் தானே கதவு மாதிரி நின்றுகொண்டு, வந்தவர்களின் பேச்சையெல்லாம் வாங்கிக் கேட்டுவிட்டு, அப்புறம் உண்மையான கதவுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தான். கெருபோ கையில் இருந்த மந்தாசியைத் தட்டிலேயே போட்டாள்.

"என்ன அம்மணி, எங்க வைஃபைல உனக்கு என்ன வேலை?"

நிமிர்ந்தாள். கிலோன்சோ. நகுருவில் அவளுக்கு ஒரு வருஷம் சீனியர், இப்போது பண்ணையின் கம்ப்யூட்டர் ஆள். சாயா குடிக்க வெளியே வந்திருந்தான்.

"இந்தப் பெட்டிய வெச்சது நீயா?"

அவன் மறைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாயாவுக்குச் சொன்னான்.

"மேல இருந்து வைக்கச் சொன்னாங்க, வெச்சேன். கழிவறைல ஒட்டின சீட்டு அவங்க கண்ணுலயும் படும்ல?"

"பொம்பளைங்க எழுதறதத் திருட்டுத்தனமாப் படிக்கறியே, வெக்கமா இல்ல?"

"இரு, கதையக் கேளு. பெட்டிய மாட்டின அன்னிக்கு எல்லா சைட்டுலயும் சிவப்புப் பக்கம் வந்துச்சு. பேங்க், ஃபேஸ்புக், எல்லாத்துலயும். ஒருத்தியாவது உள்ள போகணுமே! அத்தனை பேரும் ஃபோனத் தூக்கிக்கிட்டு என்கிட்ட சண்டைக்கு வந்துட்டாங்க. உன் வைஃபை கெட்டுப் போச்சு, எங்க காசைத் திருடறியான்னு. மானேஜர் வேற திட்டினார். பெட்டியக் கழட்டிடலாம்னே இருந்தேன். அப்பப் பார்த்தா, ஒரே ஒரு சைட்டுக்கு மட்டும் தடதடன்னு எல்லாரும் அமுக்கிட்டு உள்ள போறாங்க. பேங்குக்குப் பயப்படறவ இதுக்குப் பயப்படல. எனக்கே ஆச்சரியம். அப்புறம் மத்ததெல்லாம் விட்டுட்டு அந்த ஒண்ணுக்கு மட்டும் பெட்டிய வெச்சேன். இவங்களுக்கு யாரு கத்துக் குடுத்தா கெருபோ?"

கெருபோ ஃபோனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தாள்.

"சோதனைக்குப் போடற வரியப் போய் அப்படியே ஓடவிட்டிருக்கியே," என்றான். நிஜமாகவே வருத்தப்படுகிறவன் மாதிரிச் சொன்னான். "ஒழுங்கான சான்றிதழ் இருந்திருந்தா என்னால ஒண்ணும் கிழிச்சிருக்க முடியாது."

"நாசமாப் போவ நீ. அந்தப் பொண்ணு வேலை போச்சு. தெரியுமா உனக்கு?"

"தெரியும். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. நான் சம்பளத்துக்குப் பண்ணினேன்." சாயாவை ஊதிக் குடித்தான். "நீ எதுக்குப் பண்ணின?"

அவன் எழுந்து போன பிறகும் கெருபோ அந்தப் பெஞ்சிலேயே கிடந்தாள். மந்தாசிக்காரி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கடைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணில் பட்ட முதல் இலவசத் துணைப்பெயரை எடுத்துக்கொண்டாள். பூவும் இல்லை, கட்டும் இல்லை, வாயில் நுழையாத ஒரு பெயர். அதைத் தன் சர்வரின் எண்ணோடு இணைத்தாள். சான்றிதழ் வாங்கும் கருவியை சர்வரில் ஏற்றி, கேட்ட கேள்விக்கெல்லாம் சரி சரி என்று அடித்தாள். அந்த ஒற்றை வரியை நிரலிலிருந்து அழித்தாள். தன் ஃபோனை எடுத்துத் திறந்து பார்த்தாள். மிரட்டல் இல்லை, சிவப்பு இல்லை, மூலையில் சின்னதாக ஒரு பூட்டு. வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த பயோடேட்டா பிரிண்டரில் வந்து முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை. இவ்வளவே இவ்வளவுதான்! கெருபோ தலையில் அடித்துக்கொண்டாள். பயோடேட்டா வாங்க வந்தவர் பயந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

அறைக்குப் போனால் நசிமியு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். புங்கோமாவுக்குப் போகிறாளாம். வாடகை கொடுக்க வழியில்லை, வேறு பண்ணைகளிலும் பராசாவுக்கு ஆள் உண்டு, எவன் சேர்ப்பான்? பாயைச் சுருட்டிக்கொண்டே சேர்லேடியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அவ குடும்பம் விளங்காதுடி. பைபிளக் கையில வெச்சுக்கிட்டே கழுத்தறுத்தா பாரு. நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்!"

இங்கேதான் கெருபோ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஊரெல்லாம் சேர்லேடியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நசிமியு நாளைக்கு வண்டி ஏறிவிடுவாள். சொல்லாமல் விட்டால் கேட்பாரில்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். பாய்க்குக் கயிறு கட்டக் கை கொடுத்தாள். போட்ட முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. கெருபோவின் நல்ல குணமோ கெட்ட குணமோ, மனசில் வைத்துக்கொண்டு அவளால் சோறு தின்ன முடியாது.

"சேர்லேடி இல்லடி," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியைச் சொன்னாள், கிலோன்சோவைச் சொன்னாள், சிவப்புப் பக்கத்தைச் சொன்னாள், பெயர் வைக்கிற சண்டையில் தான் பிடித்த வீம்பைச் சொன்னாள். நசிமியு கயிற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"அந்தச் சிவப்புப் பக்கம் சும்மான்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அது சும்மா இல்லையா?"

"இல்ல. அது நிஜமாவே எச்சரிக்கைதான். நான்தான் அதை மதிக்காம இருக்கக் கத்துக் குடுத்தேன்."

"அன்னிக்கு அமுக்கறப்ப எனக்கு மனசு அடிச்சுதுடி," என்றாள் நசிமியு. "கெருபோ சொல்லியிருக்காளேன்னு அமுக்கினேன்."

அடிக்கட்டும், அறையட்டும், குழாயடியில் சேர்லேடியைக் கேட்ட மாதிரித் தன்னையும் கேட்கட்டும் என்று கெருபோ காத்திருந்தாள். நசிமியு அதெல்லாம் செய்யவில்லை. கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"நீ வித்திருந்தாகூட எனக்கு ஆத்திரமாவது வந்திருக்கும்," என்றாள். "பணத்துக்கு ஆசைப்பட்டான்னு திட்டலாம். சபிக்கலாம். நீ ஒரு வீம்புல சும்மாவே விட்டுட்ட. அதுக்கு நான் என்னன்னு சபிக்கறது?"

மறுநாள் காலையில் மட்டாட்டு மினிபஸ் நிற்கிற ஸ்டேஜுக்குக் கெருபோவும் கூடவே போனாள். வேண்டாம் என்று நசிமியு சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. போகிற வழியில் சேர்லேடி வீட்டு வாசலில் நசிமியு நின்றாள். உள்ளே போய்ச் சேர்லேடியின் கால்மாட்டில் உட்கார்ந்து, மன்னிச்சுடுங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். கெருபோ தெருவிலேயே நின்றாள். உள்ளே சேர்லேடி அழுவது வெளியே கேட்டது.

நகுரு போகும் வண்டி ஆள் சேர்வதற்காகக் காத்து நின்றது. கண்டக்டர் பாயைத் தூக்கி மேலே கட்டினான். கெருபோ மெதுவாக ஆரம்பித்தாள்.

"இப்ப நிஜப் பூட்டுப் போட்டுட்டேன்டி. இனிமே யாராலயும் நடுவுல..."

"எழுதறாங்களா?"

"யாரு?"

"பொம்பளைங்க. இப்ப எழுதறாங்களா?"

"இல்ல," என்றாள் கெருபோ. "யாரும் வரல."

நசிமியு தலையாட்டினாள். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏதோ ஞாபகம் வந்தவளாக வெளியே எட்டிப் பார்த்தாள்.

"நான் எழுதினது உனக்கு வந்து சேர்ந்துச்சா? இல்ல, அவனுங்களே வெச்சுக்கிட்டானுங்களா?"

"வந்துச்சு. அந்தப் பெட்டி பார்த்துட்டு அப்படியே அனுப்பிடும். முழுசா வந்திருக்கு."

"படிச்சியா?"

கெருபோ வண்டியின் தகரத்தைப் பிடித்துக்கொண்டாள். "பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டாங்கடி. படிக்கக் கூடாதுன்னு."

"சேர்லேடி?"

"முழுக் கமிட்டி கூடித்தான் திறக்கணும்னு தீர்மானம். இன்னும் கூடல."

"வேற யாராவது?"

"இல்ல."

"அப்படின்னா ஆபீஸ்காரனும் பராசாவும்தான் படிச்சிருக்கானுங்க," என்றாள் நசிமியு. யாரையும் குத்திக்காட்டுகிற குரல் இல்லை, கணக்குச் சரியா என்று கேட்கிற குரல். "நான் உங்களுக்குத்தானேடி எழுதினேன்."

கடைசி சீட்டுக்கு ஆள் வந்துவிட்டார். கண்டக்டர் வண்டியின் பக்கத்தைத் தட்டினான். கெருபோ தகரத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.